அப்பா கேட்ட சத்தம்

எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். பள்ளி விடுமுறைக்குப் போகும்போது யாராவது பெரியவர்கள் "உங்கப்பா எங்கம்மா வேலை பார்க்கிறாரு?" என்று கேட்டால் "டேங்க் ஃபேக்டரியில" என்று சொல்வேன். உடனே அடுத்த கேள்வி, "தண்ணி டேங்க்கா? மொட்டைமாடியில வெக்கிறாங்களே, அதுவா?" என்று வரும். அம்மா சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான்தான் நின்று, இல்லை தாத்தா, சண்டைக்குப் போகிற டேங்க், முன்னால் பீரங்கி நீட்டிக்கொண்டிருக்குமே என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பேன். அதைச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1969இல் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை அங்கேதான். இந்திய ராணுவத்துக்காகச் செய்த விஜயந்தா டேங்க்கின் இன்ஜின் பக்கம்தான் அவர் வேலை. குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்குக் காலையில் சங்கு, மத்தியானம் சங்கு, சாயங்காலம் சங்கு. நடுவில், காற்று எங்கள் பக்கம் வீசும் நாட்களில், தூரத்தில் ஒரு உறுமல் கேட்கும். சோதனை ஓட்டம் என்று அம்மா சொல்வாள். எங்களுக்கு அது மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சத்தம், அவ்வளவுதான். ஓடுகிற டேங்க்கை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்து, பீரங்கிக் குழாயில் மாலை போட்டு, வாழைக்கன்று கட்டிய டேங்க்குகள் வரிசையாக நிற்கும். பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். ஆனால் ஆயுத பூஜை அன்று எந்த எந்திரத்தையும் ஓட்டக்கூடாதே. அதனால் நான் பார்த்த டேங்க்குகள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தவைதான். அப்பா வருடம் முழுவதும் செய்த வேலை என்னவென்று எனக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்குமேல், அதுவும் இங்கிலாந்தில்.

சில வருடங்களுக்கு முன் அப்பா சவுதாம்ப்டனில் எங்களோடு மூன்று மாதம் இருந்தார். அம்மா போன பிறகு வந்த முதல் பயணம் அது. முதல் இரண்டு வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் போவதை எண்ணிக்கொண்டிருந்தார், எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அப்போது என் மகன்தான் சொன்னான். பன்னிரண்டு வயது, கணினி விளையாட்டில் டேங்க் ஓட்டி ஓட்டி ஒவ்வொன்றின் எடையும் கவசக் கனமும் மனப்பாடமாக வைத்திருப்பவன். பொவிங்டனில் டேங்க்ஃபெஸ்ட், பழைய டேங்க்குகளை ஓட்டிக் காட்டும் விழா, வருகிறது, ஜூன் கடைசி, தாத்தாவைக் கூட்டிப் போகலாம் என்றான். வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம்தான். அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நான் போனதில்லை.

யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியையும் கூப்பிட்டேன். "எனக்கு உந்தச் சத்தம் கேட்டது காணும் அக்கா, நீங்கள் போட்டு வாங்கோ" என்றாள். அவள் பேச்சில் "காணும்" என்றால் போதும். யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேனே என்று இன்றைக்கும் எனக்கு உறுத்தல் உண்டு. அவள் சொன்னது அன்று முழுவதும் என்னோடு கூடவே வந்தது, அதையும் இங்கே எழுதாவிட்டால் இந்தப் பதிவு முழுசாக இருக்காது.

பொவிங்டன், டோர்செட் மாவட்டத்தில், புதர்க்காடும் மணல்மேடுமாக இருக்கிற இடம். முதல் உலகப்போர் நாளிலிருந்து பிரிட்டிஷ் ராணுவம் டேங்க் பயிற்சி கொடுக்கும் ஊர். சாலையோரம் "டேங்க் கடக்கும் இடம்" என்று எச்சரிக்கைப் பலகை, நம் ஊரில் மாடு கடக்கும் என்று வைப்பதுபோல. அங்கே இருக்கும் டேங்க் அருங்காட்சியகத்தை 1947இல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறார்கள், இப்போது ஏறத்தாழ 300 வாகனங்கள். முதல் உலகப்போர் முடிந்து வந்து குவிந்தவற்றில் பெரும்பகுதி உடைக்கப் போக, யாரோ சிலர் "இதையெல்லாம் தூக்கிப் போடாதீர்கள்" என்று ஒதுக்கி வேலி போட்டு வைத்ததுதான் ஆரம்பம். அந்த வேலி போட்ட ஆட்களுக்கு மனசார ஒரு நன்றி சொன்னேன்.

திடலில் ஓட்டம் தொடங்க நேரமிருந்ததால் முதலில் கூடத்துக்குள் போனோம். வாசல் பக்கத்திலேயே லிட்டில் வில்லி. 1915இல் லிங்கன் நகரத்தில், விவசாய எந்திரம் செய்துகொண்டிருந்த வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனி செய்தது, உலகத்தின் முதல் டேங்க் என்று சொல்லக்கூடியது. பார்க்க இரும்புப் பெட்டிதான். அப்பா அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றார். "பூரா ரிவெட்டும்மா. வெல்டிங்கே இல்ல. களத்துமேட்டு மிஷின் செஞ்ச கைங்கதான் இதைச் செஞ்சிருக்கு, பார்த்தாலே தெரியுது" என்றார். எனக்கு என்ன தெரிந்தது என்றால், அவர் குரல் மாறியிருந்தது. இரண்டு வாரமாகக் கேட்காத குரல்.

அதற்கடுத்து மார்க் 1. 1916 செப்டம்பர் 15, பிரான்சில் சோம் போர்முனையில் முதன்முதலாக டேங்க்குகள் இறங்கின, அந்த வகையில் உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். 28 டன், ஓட்டம் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது நாம் வேகமாக நடக்கிற அளவு. உள்ளே எட்டுப் பேர், நடுவில் மூடி போட்ட தனி அறைகூட இல்லாமல் 105 குதிரைத்திறன் டைம்லர் இன்ஜின். சூடும் புகையும் இன்ஜின் விஷவாயுவும் அந்த எட்டுப் பேர் மூச்சில். வெளியே குண்டு பட்டால் உள்பக்கம் இரும்புத் துணுக்கு தெறிக்கும் என்று முகத்துக்குச் சங்கிலி வலை தொங்கும் முகமூடி வேறு. ஒரு வளைவு திரும்புவதற்கே நாலு பேர் சேர்ந்து வேலை செய்யவேண்டும், பேச்சு காதில் விழாது என்பதால் இன்ஜின் மேல் தட்டிச் சைகை காட்டுவார்களாம். அப்பா தலையாட்டினார். அவர்கள் ஷெட்டிலும் அப்படித்தானாம், டெஸ்ட் பெஞ்சில் இன்ஜின் ஓடும்போது வாய்ப்பேச்சே கிடையாது, எல்லாம் விரல்தான்.

அங்கேதான் அந்தப் பெயர்க் கதையையும் படித்தேன். இதைக் கட்டும்போது என்னவென்று வெளியே தெரியக்கூடாது என்று, தொழிற்சாலைக்காரர்களிடமும் ரயில்வேக்காரர்களிடமும் "தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பொய்தான் பெயராக ஒட்டிக்கொண்டது. அதாவது எங்கள் ஊர்த் தாத்தாக்கள் கேட்டது சரியான கேள்வி! நான் அப்பாவிடம் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார், "உங்கம்மா இருந்திருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மகனுக்கு டைகர்தான் முக்கியம். டைகர் 131. அது அன்று வெளியே நிறுத்தியிருந்தது, கூட்டம் நாலு வரிசை. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ்காரர்கள் கிட்டத்தட்ட முழுசாகப் பிடித்த ஜெர்மன் டேங்க் அது. ஒரு பிரிட்டிஷ் சர்ச்சில் டேங்க் சுட்ட குண்டு பீரங்கியின் அடிப்பக்கம் பட்டு, டரட் (பீரங்கியைத் தாங்கியிருக்கும் மேல்கூடு) சுழலும் வளையத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது, டரட் திரும்பவில்லை, உள்ளே இருந்தவர்கள் காயம்பட்டவர்களோடு இறங்கி ஓடிவிட்டார்கள். வண்டி நின்றுவிட்டது. அதே வருடம் லண்டனுக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். அந்த அடிபட்ட தழும்புகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, அவற்றை நிரப்பிச் சாயம் பூசி மறைக்கவில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. 1990இல் பிரிக்கத் தொடங்கி 2003இல்தான் தன் காலில் நடந்திருக்கிறது. இப்போது உள்ளே இருப்பது அதன் சொந்த இன்ஜின்கூட இல்லை, அருங்காட்சியகத்திலேயே இருந்த கிங் டைகரின் மேபாக் இன்ஜின். 57 டன். உலகத்தில் ஓடுகிற ஒரே டைகர் 1 என்பதால் வருடத்தில் சில நாள்தான் ஓட்டுகிறார்கள், அதுவும் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மெதுவாக.

அப்பா பார்த்தது சக்கரங்களை. டைகரின் சக்கரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, வெற்றிலை அடுக்கியதுபோல இருக்கும். எடை சமமாகப் பரவும், ஆனால் உள்சக்கரம் ஒன்று கெட்டால் வெளியில் இருக்கிற அத்தனையையும் கழற்றவேண்டும். ரஷ்யக் குளிரில் நடுவில் சேறு உறைந்து சக்கரமே சுற்றாதாம். ரயிலில் ஏற்றுவதென்றால் அகலம் தாங்காது என்று வெளிச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேறு ஒல்லியான ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) மாட்டவேண்டும், இறங்கியதும் மறுபடி மாற்றவேண்டும். பேரன் கவசக் கனம் பற்றிச் சொல்லிக்கொண்டே போக, தாத்தா, "எல்லாம் சரிடா கண்ணா, இதைக் கழட்டி மாட்டுறவன் முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார். பையன் அப்படி யோசித்ததில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டியிடமும் போய் "இதை எப்படிக் கழட்டுவாங்க தாத்தா?" என்று அவன்தான் கேட்டுக்கொண்டே வந்தான்.

அமெரிக்க ஸ்டூவர்ட் ஒன்று நின்றிருந்தது. சின்ன வண்டி, பெரியவற்றுக்கு நடுவே யாரும் அதிகம் நின்று பார்க்கவில்லை. அப்பா நின்றார். 1948 நவம்பரில், காஷ்மீரில் 11,000 அடிக்கு மேலே இருக்கும் சோஜி லா கணவாயில், இந்திய ராணுவத்தின் டேங்க் படைப்பிரிவான 7ஆவது லைட் கேவல்ரி ஏற்றிக்கொண்டுபோனது இந்த ஸ்டூவர்ட்டைத்தான். டரட்டைக் கழற்றி, மூடி, ரகசியமாகக் கொண்டுபோய், அவ்வளவு உயரத்தில் டேங்க் வரும் என்று எதிரி கனவிலும் நினைக்காத இடத்தில் நிறுத்தினார்கள். கோவேறு கழுதை போகிற பாதையை டேங்க் ஏறுகிற பாதையாக்கிக் கொடுத்தது ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். ராணுவத்தில் அவர்களுக்குப் பெயரே "தம்பி"தான். இதை அப்பா தமிழில் உரக்கச் சொல்ல, நான் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அந்த அப்பாவும் பிள்ளைகளும் திரும்பி அந்தச் சின்ன வண்டியை இன்னொரு முறை பார்த்தார்கள்.

மத்தியானம் திடல். மண்மேடு போட்ட வட்டம், சுற்றிலும் சரிவில் மக்கள். அமெரிக்க ஷெர்மன் வந்தது, ரஷ்ய டி-34 வந்தது. ஒரு திரைப்படத்துக்காகச் செய்த மார்க் 4 பிரதி ஒன்று தள்ளாடித் தள்ளாடி வந்தது. மிஞ்சியிருக்கிற அந்த ஒரே மார்க் 1ஐ ஓட்டாமல் உள்ளே நிறுத்திவிட்டு, பிரதியை வெளியே விடுவது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றியது. டைகரை ஓட்டலாமா கூடாதா என்று பெரிய விவாதம் உண்டு, ஓட ஓட அசல் பாகம் தேயும் என்பார்கள். அப்பாவிடம் கேட்டேன். "ஓடாம நிறுத்தினா சீல் காஞ்சுபோகும், ஆயில் கீழ இறங்கிடும், துரு ஏறும். அதுவும் தேய்மானந்தாம்மா" என்றார். எனக்கும் அவர் கட்சிதான்.

நடுவில் ஒரு பொய்ச் சண்டை காட்டினார்கள், வெற்றுக் குண்டும் வெடியும் புகையுமாக. ஒவ்வொரு வெடிக்கும் கைதட்டல். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. தோழி சொன்னது அப்போதுதான் நெஞ்சில் நேராக வந்து உட்கார்ந்தது. வண்டி ஓடுவதையும் அதைச் செய்த கையையும் பார்க்க வந்த இடத்தில், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை விளையாட்டாகக் காட்டவேண்டாம் என்பது என் கருத்து. அப்பாவும் கைதட்டவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் புகை அடங்கி, அறிவிப்பாளர் அடுத்து என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மேட்டுக்குப் பின்னால் ஒரு இன்ஜின் கிளம்பியது. வண்டி இன்னும் கண்ணில் படவில்லை. சாதாரண டீசல் மாதிரி தடதடவென்று இல்லை, இடைவெளியே இல்லாமல் அடர்த்தியாக, மேலே ஒரு சீட்டி கலந்த உறுமல். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது நம்ம இன்ஜின்மா."

மேட்டைத் தாண்டி வெள்ளைப் புகையோடு வந்தது சீஃப்டன். பனிப்போர்க் காலத்து பிரிட்டிஷ் டேங்க், 55 டன், 120 மில்லிமீட்டர் பீரங்கி, ஓட்டுநர் மூடியை இறக்கினால் படுத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும். நான் "இது விஜயந்தா இல்லையேப்பா" என்றேன். "வண்டி வேற. இன்ஜின் எல் 60. லேலண்ட்" என்றார். பிறகு வீட்டுக்கு வந்து படித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. விஜயந்தா, இந்தியாவுக்காக விக்கர்ஸ் வடிவமைத்த டேங்க், 1961இல் ஒப்பந்தம், 1965இலிருந்து ஆவடியில் உற்பத்தி. சீஃப்டனுக்கு என்று உருவாக்கிய அதே எல் 60 இன்ஜினைத்தான் திறனைக் கொஞ்சம் குறைத்து, 39 டன் விஜயந்தாவில் வைத்தார்கள். கியர்பாக்ஸும் அதே குடும்பம்.

அந்த இன்ஜின் ஒரு விநோதம். சிலிண்டருக்கு மேல் ஹெட் கிடையாது, வால்வு கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, நடுவில் நெருங்கி வந்து, வெடித்து, விலகும். ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிஸ்டன், மேலே ஒரு க்ராங்க் ஷாஃப்ட், கீழே ஒன்று. டூ ஸ்ட்ரோக், 19 லிட்டர். டீசல், பெட்ரோல், எது கிடைத்தாலும் ஓடவேண்டும் என்று 1950களின் நேட்டோ நாடுகள் ஆசைப்பட்டதன் விளைவு. சீஃப்டனில் இதன் லைனர் (சிலிண்டருக்குள் இருக்கும் உறை) சீல்கள் ஒழுகுவதும் எதிர்பார்த்த திறன் வராததும் 1970கள் முழுக்க பிரிட்டிஷ் படைக்குப் பெரும் தலைவலி, மாற்றிமாற்றிச் சரி செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் படிக்கிறதுக்கு முன்னாலேயே எனக்குப் பாதி தெரிந்திருந்தது என்பதுதான் ஆச்சரியம். சின்ன வயதில் சாப்பிடும்போது அப்பா இரண்டு கையையும் நீட்டி, கும்பிடுவதுபோலச் சேர்த்து, விலக்கி, சேர்த்து, விலக்கிக் காட்டுவார். எங்கள் இன்ஜின் இப்படித்தான் வேலை செய்யும் என்பார். நாங்கள் அண்ணனும் நானும் பதிலுக்குக் கும்பிடு போட்டு விளையாடுவோம். அது என்ன என்று நான் ஒரு நாளும் நின்று கேட்டதில்லை. இப்போது என் முன்னால் மண்ணைக் கிழித்துக்கொண்டு போன இரும்புக்குள்ளே பன்னிரண்டு பிஸ்டன்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன, உட்கார்ந்திருந்த சரிவு அதிர்ந்தது, நெஞ்செலும்பு அதிர்ந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்றில் வந்துகொண்டிருந்த சத்தத்துக்கு நாற்பது வருடம் கழித்து ஒரு உருவம் கிடைத்தது. நான் அழுதேன். மகன் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தான், நல்ல பிள்ளை.

ஓட்டம் முடிந்த பிறகு வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சீஃப்டன் பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியோடு ஒரு பெரியவர், தன்னார்வலர், அப்பா வயது இருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், அதுவும் தொழிற்சாலை ஆங்கிலம். நான் மொழிபெயர்க்கப் போனேன். தேவைப்படவில்லை. அப்பா "எல் 60, ஆவடி, இந்தியா, ஃபிட்டர்" என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டு, கும்பிடுவதுபோலக் கையைச் சேர்த்து விலக்கிக் காட்டினார். அந்தப் பெரியவர் ஒரு நொடி பார்த்தார். துணியை இடுப்பில் செருகிவிட்டு, அவரும் அதே மாதிரி இரண்டு கையையும் சேர்த்து விலக்கினார். இரண்டு பேரும் லைனர், சீல், ப்ளோயர், ஸ்பேனர் அளவு என்று இருபது நிமிடம் பேசினார்கள், வார்த்தை நாலு, கை நாற்பது. கடைசியில் கயிற்றைத் தூக்கி அப்பாவை உள்ளே விட்டார். இன்ஜின் மூடி இன்னும் சூடாக இருந்தது. அப்பா அதன் மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்து மோந்து பார்த்தார், என்னிடம் நீட்டினார். சுட்ட எண்ணெயும் மண்ணும் கலந்த வாசனை. அவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வீட்டுக்குள் வருமே, அதேதான்.

அன்று இரவு அப்பா தூங்கவில்லை. ஆவடியில் விடியட்டும் என்று காத்திருந்து, கூட வேலை பார்த்த நண்பருக்குப் போன் போட்டார். ஒன்றும் சொல்லாமல், பேரன் பதிவு செய்ததை ஓடவிட்டுப் போனின் பக்கத்தில் பிடித்தார். அந்த முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த மாமா மெதுவாகச் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"எல் சிக்ஸ்டி... இரு இரு, நிறுத்தாத. கியர் மாத்துறான் பாரு."